கட்டி வைத்துக் கறக்கும் ஈஸ்ட்

சென்ற திங்கள் நம் முகவரிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மைச் சில நாள் உறங்கவிடாது செய்தது. எழுதியவர் நம் சங்கத்தின் பழைய உறுப்பினர். இரயில்வேயில் நெடுங்காலம் பணி செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் நுண்ணுயிரியலில் மேற்பட்டம் பெற்றவன். அவன் வேலைக்குச் செல்ல விரும்பவில்லை. புறநகரில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஈஸ்ட்டைச் சிறு சிறு மணிகளுக்குள் அடைத்து, கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலே சர்க்கரை நீரை ஊற்றிக் கீழே இரவும் பகலும் நொதியை வடித்து விற்கப் போகிறானாம். முதலுக்குத் தந்தையின் சேமநல நிதியைக் கேட்கிறான். "அவன் சொல்வது எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஒன்றிற்குப் பணத்தைக் கொடுக்கவும் அஞ்சுகிறேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்து மறுக்கவும் அஞ்சுகிறேன். இது ஆகிற காரியந்தானா என்று தங்கள் பத்தியில் எழுதினால், அவனும் படிப்பான், நானும் படிப்பேன்" என்பது கடிதத்தின் முடிவு.

நாம் தொழிலதிபர் அல்லோம். எனினும் செய்தி இன்னது என்று விளக்க நம்மால் இயலும். அதன்பின் முடிவு செய்வது தந்தையும் மகனும் ஆவர்.

முதலில் நொதி என்பது யாது? உயிருள்ள ஒவ்வோர் அணுவும் தன் வேலைகளைச் செய்துகொள்ளத் தானே படைத்துக்கொள்ளும் புரதக் கருவி நொதி. வாயில் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, அது உமிழ்நீரிலுள்ள நொதியின் செயல். ஒரு நொதி ஒரு வேலையைத்தான் செய்யும். ஆனால் தான் தேய்ந்து போகாமல் அதையே மீண்டும் மீண்டும் செய்யும். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் 'என்ஸைம்' எனும் பெயரை 1877-இல் சூட்டியவர் கூனே எனும் ஜெர்மானியர். கிரேக்க மொழியில் அதற்கு 'ஈஸ்ட்டினுள் இருப்பது' என்றே பொருள். ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில், உயிரணு ஒன்றேனும் இல்லாத நிலையிலும், சர்க்கரை நொதித்துப் பொங்குவதை 1897-இல் கண்டுகாட்டினார் எட்வர்ட் புக்னர். அதற்காக 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆக, நொதியின் கதையே ஈஸ்ட்டிலிருந்து தொடங்கியது.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றையணுக் காளான். நம் இல்லத்தரசியர் இட்லி மாவு பொங்குவதும் இதனால்தான் என்று எண்ணக்கூடும். அங்கே முதன்மையாக உழைப்பவை ஈஸ்ட் அல்ல, பாக்டீரியாக்களே. ஈஸ்ட்டின் கைவண்ணத்தைக் காண வேண்டுமாயின் ரொட்டிக் கடைக்குச் செல்ல வேண்டும். அன்றேல், சொல்லத் தயக்கமாயினும், பனைமரத்தடிக்குச் செல்ல வேண்டும்.

பனைமரத்தடி இக்கட்டுரைக்கு உண்மையிலேயே பொருத்தமான இடம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர். தடவாதிருந்தால் இறங்குவது கள். சுண்ணாம்பின் காரம் நுண்ணுயிர்களை வளரவிடுவதில்லை. சுண்ணாம்பு இல்லாத பானையிலோ, முன்னாள் கள்ளின் மிச்சமாக ஈஸ்ட்டும் அதன் கூட்டாளிகளும் சுவரிலுள்ள நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். புதுச்சாறு சொட்டத் தொடங்கியவுடன் அவையும் வேலையைத் தொடங்கிவிடும். சாறு வந்து போகிறது; ஈஸ்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விஞ்ஞானிகள் 'நிலைநிறுத்திய ஈஸ்ட்' என்று பெயரிட்டு ஆராய்வது இந்தப் பானைச் சுவரைத்தான் என்றால் அது மிகையன்று.

ஏன் ஈஸ்ட்டை நிலைநிறுத்த வேண்டும்? தொட்டியில் சர்க்கரைக் கரைசலை நிரப்பி, ஈஸ்ட்டைச் சேர்த்து, அது வளர்ந்து வேலையை முடித்தபின் எல்லாவற்றையும் இறக்கி, தொட்டியைக் கழுவி, நீராவியால் தூய்மை செய்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது வழக்கமான முறை. சமையலறையில் நாள்தோறும் சோறு வடிப்பது போன்றது அது. பாத்திரம் சும்மா கிடக்கும் நேரமும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஈஸ்ட்டை வளர்க்கும் செலவும் அதில் வீண். அதற்கு மாறாக, ஒரு பக்கம் கரைசலை இடையறாது செலுத்தி மறுபக்கம் விளைபொருளை இடையறாது எடுத்தால் என்ன என்று எண்ணினார்கள். இங்கே ஒரு கணக்குத் தடை செய்கிறது. 100 லிட்டர் கொள்ளும் கலத்தில் ஈஸ்ட் 2 மணிக்கு ஒருமுறை இருமடங்காகிறது என்று கொள்வோம். மணிக்கு ஏறத்தாழ 35 லிட்டருக்குமேல் கரைசலை ஓடவிட்டால், ஈஸ்ட் பெருகும் வேகத்தினும் அது வெளியே அடித்துச் செல்லப்படும் வேகம் மிகுந்துவிடும். ஓரிரு நாளில் கலத்தில் வெறும் சர்க்கரை நீர்தான் மிஞ்சும். ஈஸ்ட்டைக் கலத்திற்குள்ளேயே கட்டிவைத்துவிட்டால் இத்தடை நீங்கும். அது பெருகுகிறதா இல்லையா என்பதைப் பாராமல் வேண்டிய வேகத்தில் ஓடவிடலாம். ஒரு லிட்டர் இடத்தில் பல மடங்கு ஈஸ்ட்டையும் அடைத்துவைக்கலாம். கலம் சிறிதாகும், விளைபொருளும் ஈஸ்ட் கலவாமல் தெளிவாக இறங்கும்.

கட்டிவைக்கும் வகைகள் பல. அவற்றுள் இளைஞர் தேர்ந்த மணி முறையே எளிது, அழகியதும் அதுவே. பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் எனும் பிசின் எடுக்கப்படுகிறது. இராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் கட்டக்கோரை என்னும் பாசி அத்தகையது. நம்முள் பலர் ஊருக்குச் செல்லுங்கால் பாம்பன் பாலத்தின்மேல் இரயிலில் இருந்து பார்த்த அதே கடல் தருவது. அப்பிசினைத் தண்ணீரில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு கரைத்து, ஈஸ்ட்டைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த ஒவ்வொரு சொட்டும் கணத்தில் இறுகி உருண்டை மணியாகிறது. பார்வைக்கு வெந்த ஜவ்வரிசியை ஒக்கும். சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகள் அம்மணியினுள் எளிதில் நுழையும். ஈஸ்ட் மட்டும் வெளியே வராது. பதநீர்ப் பானையில் ஈஸ்ட்டை விரட்டிய அதே கால்சியம் இங்கே அதைச் சிறைப்படுத்துகிறது என்பதை எண்ணி நாம் சற்று வியந்ததுண்டு; ஆயின் அங்கே வேலை செய்வது சுண்ணாம்பின் காரம், இங்கே கால்சியத்தின் பிடிப்பு.

மணியேதான் வேண்டும் என்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் மரச்சீவல்களை நிரப்பிய உயர்ந்த தொட்டிகளில் மேலிருந்து மதுக்கரைசலைச் சொட்டவிட்டுக் கீழே காடியை வடித்தார்கள். காடி செய்யும் பாக்டீரியாக்கள் சீவல்களில் ஒட்டி வாழ்ந்தன. 1916-இல் நெல்சன், கிரிஃபின் எனும் இருவர் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த இன்வர்ட்டேஸ் நொதியைக் கரித்தூளில் ஒட்டவைத்தும் அது வேலை செய்வதைக் கண்டார்கள். நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி பின்தங்கிவிடவில்லை. மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில், சாதாரணப் பருத்தித் துணியின்மேல் பாலிஎத்திலீன் இமின் எனும் பொருளின் துணைகொண்டு ஈஸ்ட்டை ஒட்டவைத்து, அத்துணியின்மீது சர்க்கரைப் பாகை ஓடவிட்டுப் பார்த்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத முறை அது. பருத்தி நமக்குப் பஞ்சமில்லாத பொருள் என்பதாலோ என்னவோ, மேனாட்டு நூல்களில் காணும் பளபளப்பான முறைகளினும் இத்துணி முறை நம் மனத்தைக் கவர்ந்தது.

இனி, கடிதத்தின் மையப்பகுதிக்கு வருவோம். இளைஞரின் திட்டத்தில் இரண்டு தொழில்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஒன்று, ஈஸ்ட்டைக் கட்டிவைத்து, அதனுள் இருக்கும் நொதியைக் கொண்டு வேறொரு பொருளைச் செய்வது. மற்றொன்று, ஈஸ்ட்டைக் கட்டிவைத்து நொதியையே கறந்து விற்பது. பார்வைக்கு இரண்டும் ஒரே குழாய், ஒரே மணி. ஆனால் முன்னது நன்கு தேர்ந்த வழி. பின்னது கடினமான வழி.

முன்னதற்குச் சான்று இன்வர்ட்டேஸ். ஈஸ்ட் இந்நொதியைத் தன் உட்சவ்வுக்கும் வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட இடத்தில் வைத்திருக்கிறது. வீட்டின் உள்ளறையில் அன்று, திண்ணையில். எனவே கரும்புச் சர்க்கரை சுவரைக் கடந்து திண்ணைக்கு வந்தால் போதும். அங்கேயே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிளக்கப்படுகிறது. ஈஸ்ட் உயிரோடிருக்க வேண்டும் என்பதுங்கூட இல்லை. உயிர் நீங்கிய பின்னும் நொதி வேலை செய்யும். இவ்வாறு பிளந்த பாகு எளிதில் கற்கண்டாக உறையாது. ஆதலின் மிட்டாய் செய்வோரும் ரொட்டி சுடுவோரும் மருந்து செய்வோரும் அதை விரும்புவர். பாகு மிகக் கெட்டியாயிருப்பின் நொதியின் வேகம் குறையும் என்பது உண்மை; எனினும் கெட்டிப் பாகில் வேண்டாத கிருமிகள் வளரா என்பது பெரும் ஆறுதல். ஒரு செய்தியை இங்கே மறைக்கலாகாது: இத்தகைய பாகைத் தேன் என்று பெயர் சூட்டி விற்கும் வணிகர்கள் இந்நாட்டில் உண்டு. இளைஞர் தம் பாகைப் பாகு என்றே விற்பார் என நம்புகிறோம்.

பின்னதில் முதல் இடர்ப்பாடு அந்தத் திண்ணையே. நொதியைத் திண்ணையில் வைத்திருக்கும் ஈஸ்ட், அதைத் தெருவில் எறிவதில்லை. ரொட்டி ஈஸ்ட்டின் இன்வர்ட்டேஸைத் தனியே எடுக்க வேண்டுமாயின் ஈஸ்ட்டை உடைத்தே ஆகவேண்டும். உடைத்தபின் அதைக் கட்டிவைத்ததன் பயன் யாது? பால் வேண்டுமென்று பசுவைக் கட்டிவைத்தவன், கறக்கத் தெரியாமல் அதைக் கொன்றது போலாகும். ஆகவே நொதியைத் தானே வெளியே விடும் ஈஸ்ட்டைத் தேட வேண்டும். கொழுப்பைப் பிளக்கும் லிப்பேஸை வெளிவிடும் காண்டிடா ருகோசா எனும் ஈஸ்ட் உண்டு. மரபணு மாற்றத்தால், வெளியே அனுப்புக எனும் முகவரிச் சீட்டை நொதியின் முன்னே ஒட்டி, ரொட்டி ஈஸ்ட்டையும் பிக்கியா எனும் ஈஸ்ட்டையும் வெளியிடச் செய்யவும் விஞ்ஞானிகள் கற்றிருக்கின்றனர். இத்தகைய ஈஸ்ட்டை மணிகளில் அடைத்துப் பல நாள் தொடர்ந்து நொதி பெற்றதாக ஆய்வேடுகள் உண்டு. இளைஞர் படித்தவை இவையே என்று ஊகிக்கிறோம்.

இம்முறைக்கு உண்மையான ஒரு சிறப்பும் உண்டு. அதைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. ஈஸ்ட்டிற்குச் சர்க்கரையை வாரி வழங்கினால் அது பல நொதிகளைச் செய்வதையே நிறுத்திவிடும். குளுக்கோஸ் தட்டில் தயாராகக் கிடக்கும்போது, கரும்புச் சர்க்கரையை உடைக்கும் கருவியை அது எதற்காகச் செய்ய வேண்டும்? பலகாரம் நிறைந்த வீட்டுப் பிள்ளை கரும்பைக் கடிக்கச் சோம்புவது போல. தொட்டி முறையில் தொடக்கத்தில் சர்க்கரை மிகுந்தும் முடிவில் குறைந்தும் இருக்கும். தொடர்முறையிலோ, உணவைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, ஈஸ்ட்டை எப்போதும் அரைப்பசியிலேயே வைத்திருக்கலாம். அரைப்பசியில் அது நொதியை மிகுதியாகச் செய்யும். நெறி இது; அழகாகவும் இருக்கிறது. ஆயினும் இதே அரைப்பசியைத் தொட்டி முறையிலும் உணவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து உண்டாக்க முடியும் என்பதால், பெருந்தொழிற்சாலைகள் அதனோடு நின்றுவிட்டன.

அவை நின்றதற்கான பிற காரணங்களை மணியின் உள்ளே சென்று பார்க்க வேண்டும். நொதியைப் புதிது புதிதாகச் செய்ய வேண்டுமாயின் ஈஸ்ட் உயிரோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையும் ஆக்சிஜன் 7 அல்லது 8 மில்லிகிராம்தான். மணியின் மேற்புறத்தில் நெருங்கிக் கிடக்கும் ஈஸ்ட் அதனை முதலில் பருகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழத்திற்குக் கீழே ஆக்சிஜன் செல்வதேயில்லை. மூன்று மில்லிமீட்டர் மணி ஒன்றின் நடுப்பகுதி முழுதும் பட்டினி கிடக்கிறது. மேல்தோல் மட்டும் உழைக்கிறது. மணியைச் சிறிதாக்கலாமே எனின், சிறுமணிகள் குழாயில் நெருங்கி அடைத்துக்கொண்டு நீரோட்டத்தைத் தடுக்கும். போதாக்குறைக்கு ஈஸ்ட் விடும் கரியமிலவாயு, மணிகளுக்கிடையே குமிழிகளாகத் தங்கி, கரைசலை ஒரு பக்கமாகவே ஓடச்செய்யும். கீழிருந்து காற்றைச் செலுத்தி மணிகளை மிதக்கவிடும் கலங்கள் இதற்காக அமைக்கப்பட்டன; அங்கே மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன.

நொதியும் சர்க்கரையைப் போல் சிறியதன்று, பெரும் புரதம். உள்ளே எளிதாக நுழைந்தது சர்க்கரை. வெளியே வரத் தடுமாறுவது நொதி. மேற்புற ஈஸ்ட் பெருகப் பெருக மணி வெடித்து, ஈஸ்ட் வெளியே கசியும். உணவுக் கரைசலில் பாஸ்பேட் மிகுந்தால் அது கால்சியத்தைப் பறித்துக்கொள்ள, மணிகள் குழைந்து கரைந்தே போகும். ஈஸ்ட்டோ பாஸ்பேட் இன்றி வளராது! அதற்குப் பதில் பேரியம், கைட்டோசான் என்று பல பூச்சுகளைத் தேடியலைந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, தொட்டி கெட்டால் ஒரு தொட்டி நட்டம். தொடர்கலத்தில் இருபதாம் நாள் ஒரு காட்டு பாக்டீரியா புகுந்தால், அதன் பின்னர் வரவேண்டிய மாதம் முழுவதும் நட்டம்.

இவ்வளவு படித்தபின் நம் அன்பர் பணப்பெட்டியைப் பூட்டிவிடக் கூடாது. நிலைநிறுத்தும் கலை வென்ற இடங்களும் உண்டு. ஜப்பானில் தனாபே மருந்து நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவும் அவர்தம் குழுவினரும் 1969-இல் கட்டிவைத்த நொதியைக் கொண்டு அமினோ அமிலங்களைத் தொழில் முறையில் பிரித்தெடுத்தனர். 1973-இல் பாக்டீரியா அணுக்களை முழுமையாகவே கட்டிவைத்து அஸ்பார்ட்டிக் அமிலம் செய்தனர். பின்னர் அவர்கள் கையாண்ட காரஜீனன் எனும் பிசினும் கடற்பாசியில் பிறந்ததே. அதைத் தரும் சிவப்புப் பாசியை இராமேசுவரத்துப் பெண்கள் 2000-க்குப் பின் மூங்கில் மிதவைகளில் பயிரிடலாயினர். பென்சிலினைப் பிளந்து புதிய மருந்துகளுக்குரிய மூலப்பொருளைச் செய்யும் நொதி, கட்டிவைத்த நிலையிலேயே உலகெங்கும் பயன்படுகிறது. இத்தாலியின் மிலான் நகரில் 1970-களில், ஈஸ்ட்டின் லாக்டேஸ் நொதியை இழைகளில் அடைத்து, பாற்சர்க்கரை செரிக்காதவர்களுக்கென்று பாலைப் பக்குவம் செய்தனர். இவை யாவும் முதல்வகைத் தொழில் என்பதை இளைஞர் கவனிப்பாராக. கட்டிவைத்தது வேலை செய்கிறது. விற்கப்படுவது வேறு பொருள்.

ஈஸ்ட்டைக் கொண்டு நொதியையே செய்து விற்பதில் பெருவெற்றி கண்டதும் உண்டு. பாலாடைக்கட்டிக்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துவந்த கைமோசின் நொதியை 1980-களின் இறுதி முதல் மரபணு மாற்றிய ஈஸ்ட் செய்து தருகிறது. சைவ உணவினராகிய நம் குடும்பங்கள் பல, பிள்ளைகள் கேட்கும் பாலாடைக்கட்டியை உறுத்தலின்றி வாங்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஈஸ்ட் மணிகளில் அடைபட்டதன்று. பெருந்தொட்டியில் உணவு சொட்டச் சொட்ட வளர்வது.

எனவே, ஐயா, தங்கள் மகனிடம் தாங்கள் கேட்க வேண்டியவற்றை எழுதுகிறோம். தம்பி விற்கப்போவது நொதியா, நொதி செய்த பொருளா? நொதியாயின், எந்த ஈஸ்ட், அது நொதியை வெளியே விடுகிறதா, எவ்வளவு விடுகிறது என்று கைப்பட அளந்தானா, அல்லது ஏட்டில் படித்தானா? ஒரு குழாயை எத்தனை நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தான்? முதல் நாள் இறங்கியதில் பாதியாகக் குறைந்தது எந்த நாள்? வாங்குவதாக எழுதிக் கொடுத்தவர் எவரேனும் உளரா? இறங்கும் நீர்த்த கரைசலிலிருந்து நொதியை வடிகட்டிச் செறிவாக்கும் செலவைக் கணக்கில் சேர்த்தானா? இக்கடைசிக் கேள்வியை நாம் அறிந்த இளம் விஞ்ஞானிகள் பலர் மறந்துவிடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் அச்செலவை அவர்கள் கொடுப்பதில்லை அன்றோ?

இவற்றிற்கு விடையில்லையேல் கொட்டகை வேண்டாம். பின்கட்டில் ஒரு மேசை போதும். ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாய், மீன்தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்பு, கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்ட், கொஞ்சம் ஆல்ஜினேட், ஒரு கெஜம் பருத்தித் துணி ஆகியன வாங்குவதற்குச் சேமநல நிதியில் கைவைக்க வேண்டியதில்லை. சர்க்கரைப் பாகிலிருந்து தொடங்கட்டும். மணியில் ஒரு குழாய், துணியில் ஒரு குழாய். இரண்டையும் முப்பது நாள் ஓடவிட்டு, நாள்தோறும் காலையில் இறங்குவதை அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டைத் தாங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்கள் எவர்க்கும் விளங்கும். தம்பிக்கு ஆட்சேபமில்லையெனில் அதன் படி ஒன்றை நமக்கும் அனுப்புக. அடுத்த கடிதத்தைப் பின்கட்டு மேசையின் செய்தியோடு எதிர்பார்க்கிறோம்.